ஏழுக்கு ஏழு

தபால் எடை போடும் பழைய தராசில்
காட்டுமுயல் இறைச்சியை நிறுக்கிறான் டெஸ்மண்ட்.
இருநூற்றுத் தொண்ணூறு கிராம்.
முள் மயிரிழை தாண்டினாலும்
ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துவிட்டு
மறுபடி குனிந்து பார்க்கிறான்,
நாற்பது வருஷம் எதையும்
கண்ணளவில் வெட்டி வீசியே பழகியவன்.

குளூதா ஆற்றின் இந்தக் கரையில்
நாய்ச்சாப்பாடு என்றால்
கொட்டகைக் கொக்கியில் தொங்கும் கிழட்டு ஆடு.
பத்து நாள் உறைபெட்டியில் கிடந்து, இளகி,
விலா எலும்போடு பறந்து வரும்.
ஜிப் அதைத் தரையில் விழ விட்டதில்லை.
பையில் வரும் உருண்டைத் தீனியை
மரத்தூள் என்பான் டெஸ்மண்ட்.
நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்,
இப்போது மறைத்து என்ன.

மே மாதம் அவள் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை.
குடித்தாள், பெய்தாள், குடித்தாள்.
தின்னத் தின்ன இளைத்தாள்.
மலைச்சரிவில் ஆயிரம் ஆடுகளைத்
தொண்டையாலேயே திருப்பியவள்
வாசல் வேலியைத் தாண்ட யோசித்தாள்.
சர்க்கரை என்றார்
மருத்துவர் நைரி.
காலை ஏழுக்கு ஒரு ஊசி, மாலை ஏழுக்கு ஒன்று,
அவள் உள்ளவரைக்கும்.

பக்கத்துப் பண்ணை பெவன்
"ஊசிச் செலவுக்கு ஒரு தோட்டா" என்று தொடங்கி,
டெஸ்மண்டின் முகத்தைப் பார்த்துவிட்டு
மழையைப் பற்றிப் பேசினான்.

பயத்தில் அவசரப்பட்டது நான்தான்.
விலை கூடிய பை ஒன்றை வாங்கி வந்து
ஒரே ராத்திரியில் ஆட்டை நிறுத்தினேன்.
மறுநாள் அவன் ஊசியைப் போட்டான்,
பிறகு நான் கிண்ணத்தை வைத்தேன்.
அந்த வரிசையில்.
ஜிப் முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.
போய்ப் படுத்துக்கொண்டாள்.
பசித்தால் தின்னும் என்றேன்,
என் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே குரலில்.

பத்தரை மணிக்கு
அவளுடைய பின்னங்கால்கள்
அவள் பேச்சைக் கேட்கவில்லை.
சமையலறைத் தரையில் பக்கவாட்டில் விழுந்து
ஓடினாள், இருந்த இடத்திலேயே,
இல்லாத மந்தையின் பின்னால்.
டெஸ்மண்ட் தேன் புட்டியைச் சுவரில் அடித்து உடைத்தான்,
மூடி திறக்கவில்லையாம்.
கண்ணாடிச் சில்லு இல்லாத பக்கமாய்
விரலால் வழித்து ஈறில் தேய்த்தான்.
வெள்ளைப் பல்லுக்கும் கறுத்த உதட்டுக்கும் இடையே
அந்தத் தடித்த விரல்.
கடித்திருக்கலாம். கடிக்கவில்லை.

எங்கள் இருவர் வாதத்தையும்
கார் கதவில் சாய்ந்தபடி கேட்டார் நைரி.
"பச்சையா வெந்ததா என்று
நான் சண்டைக்கு வரவில்லை.
கொழுப்பு வேண்டாம்.
இன்று வைத்ததையே நாளையும் வையுங்கள்.
முதலில் அவள் தின்னட்டும், அப்புறம் ஊசி."
தின்னாவிட்டால்?
"ஊசியைக் கையிலெடுக்கும் முன்
எனக்குப் போன் பண்ணுங்கள்."

அதனால்தான் முயல்.
கொழுப்பில்லாத, கறுஞ்சிவப்பான, பிடிவாதமான இறைச்சி.
கூடவே அரைக் கோப்பை வெந்த பார்லி,
அது என் கட்சிக்கு விட்டுக்கொடுத்தது.
உருண்டைப் பையைக் கோழிகள் தீர்த்தன.

செப்டம்பருக்குள் ஜிப்பின் கண்களில்
பால் படர்ந்துவிட்டது.
ஆனால் ஏழு அடிக்கும் முன்பே
தராசின் கீழே வந்து நிற்கிறாள்.
கடிகாரம் தேவைப்படுவது எங்களுக்கு.

நேற்று ராத்திரி நாடு முழுக்க
கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைத்தார்கள்,
கோடை வருகிறதாம்.
இன்சுலினுக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேரவில்லை.
டெஸ்மண்ட் உறைபெட்டிக் கதவில்
ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறான்,
பென்சிலில், பெரிய எழுத்தில்:
இன்று எட்டு மணி. நாளை ஏழே முக்கால்.
அப்புறம் ஏழரை. அப்புறம் ஏழேகால்.

வெளியே எல்லாரும்
புதிய நேரத்துக்குப் பால் கறந்து முடித்துவிட்டார்கள்.
நாங்கள் மூவரும் இன்னும்
நேற்றைய நேரத்தில் நிற்கிறோம்.
அவன் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடிக்கிறான்,
நான் ஊசியைச் செலுத்துகிறேன்.
அவள் காலிக் கிண்ணத்தை
சுவர் வரைக்கும் நக்கித் தள்ளிக்கொண்டு போகிறாள்.